ஏர் ஆம்புலன்ஸ் எப்படி இயங்குகிறது, ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது?

ஏர் ஆம்புலன்ஸ் என்றதும் பலருக்கு ஹெலிகாப்டர்தான் நினைவுக்கு வரும். நெடுஞ்சாலையில் விபத்து, ஹெலிகாப்டர் வந்து இறங்குகிறது, அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு பறக்கிறது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இது அன்றாடம் நடப்பதுதான். இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஏற்கெனவே ஓர் ஊரின் ஐசியுவில் படுத்திருக்கும் நோயாளியை, அங்கே செய்ய முடியாத சிகிச்சைக்காக இன்னோர் ஊரின் ஐசியுவுக்குக் கொண்டுபோகிற வேலை அது. வாகனமும் ஹெலிகாப்டர் இல்லை. இறக்கை வைத்த சின்ன விமானம். கிங் ஏர் சி90, பி200, பிலாட்டஸ் பிசி-12 போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கைகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சர், வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து செலுத்தும் பம்புகள், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் பொருத்தியிருப்பார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் அல்லது பாராமெடிக், இரண்டு பைலட், நோயாளி, கூட ஓர் உறவினர். இடம் இருந்தால் இரண்டு பேர்.

இந்தத் தொழில் வேகமாக வளர்கிறது என்று சந்தை அறிக்கைகள் அடிக்கடி வருகின்றன. அவை சொல்வது எவ்வளவு பணம் புரளப்போகிறது என்பதை. ஆனால் தேவை எங்கிருந்து வருகிறது, அந்தத் தேவை உள்ளவர்களில் எத்தனை பேரால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியும் என்பதைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் முதலில் ஒரு பயணம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும்.

நெல்லையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒருவர் வென்டிலேட்டரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நுரையீரலும் மோசம், வென்டிலேட்டர் வைத்தும் தேறவில்லை, எக்மோ, அதாவது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி, வேண்டும் என்கிறார்கள். சென்னையில் ஒரு மருத்துவமனை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறது. காலை 10 மணிக்குக் குடும்பம் முடிவெடுக்கிறது. உடனே விமானம் கிளம்பிவிடாது. நிறுவனம் முதலில் கேஸ் சம்மரி கேட்கும். வென்டிலேட்டர் எந்த அளவில் ஓடுகிறது, ரத்த அழுத்தத்துக்கு என்ன மருந்து போகிறது, நோயாளியின் எடை என்ன, கூட வருபவர் யார், அடையாள அட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இங்கிருக்கும் டாக்டரும் விமானத்தில் வரப்போகிற டாக்டரும் போனில் பேசுவார்கள். சென்னையில் படுக்கை உறுதியாக வேண்டும். பணம் பெரும்பாலும் முழுவதுமாக முன்கூட்டியே போக வேண்டும். இதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

விமானம் பெங்களூருவில் நிற்கிறது என்றால் பைலட்டுகள் வந்து, எரிபொருள் நிரப்பி, பறக்க அனுமதி வாங்கிக் கிளம்பும்போது மதியம் 1 மணி. தூத்துக்குடி விமான நிலையம், அதாவது வாகைக்குளத்தில், இரண்டேகாலுக்கு இறங்குகிறது. மருத்துவக் குழு அங்கிருந்து ஆம்புலன்ஸில் நெல்லைக்கு வந்து சேர மூன்றேகால். நேராக நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மருத்துவமனை வென்டிலேட்டரிலிருந்து தங்கள் வென்டிலேட்டருக்கு மாற்றி, பம்புகளை மாற்றி, கொஞ்ச நேரம் நிலையாக இருக்கிறாரா என்று பார்த்துத்தான் கிளம்புவார்கள். நாலேகால். மெதுவாக விமான நிலையத்துக்கு, பாதுகாப்புச் சோதனை முடித்து விமானத்துக்குப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸை நிறுத்தி, சாய்தளம் வைத்து ஸ்ட்ரெச்சரை ஏற்றி, ஐந்தே முக்காலுக்கு மேலே ஏறுகிறது. சென்னையில் இறங்கும்போது 7 மணி. நகர டிராஃபிக்கைத் தாண்டி ஐசியு படுக்கையில் சேர்க்கும்போது மணி 8.

கணக்குப் போட்டுப் பாருங்கள், முடிவெடுத்ததிலிருந்து பத்து மணி நேரம். நெல்லையிலிருந்து சென்னைக்குச் சாலையில் 620 கிலோமீட்டர் சுமார். ஐசியு வசதியுள்ள ஆம்புலன்ஸும் ஏறக்குறைய அதே பத்து மணி நேரத்தில் வந்துவிடும். அப்படியானால் எதற்கு இத்தனை லட்சம்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் ஏர் ஆம்புலன்ஸைப் புரிந்துகொள்ள முக்கியமானது என்று நினைக்கிறேன். விமானம் வந்து சேரும்வரை நோயாளி ஐசியுவிலேயே இருக்கிறார், முழுக் கவனிப்பில். அவர் மருத்துவமனைக்கு வெளியே இருப்பது நாலேகாலிலிருந்து எட்டு வரை, நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. சாலை வழியில் போனால் பத்து மணி நேரமும் வெளியே. அந்தப் பத்து மணி நேரமும் குலுங்கிக்கொண்டே போக வேண்டும், வழியில் நிலைமை மோசமானால் நின்று பார்க்கக்கூட வசதி குறைவு. ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்குப் பத்து மணி நேரத்தில் 9000 லிட்டர் வேண்டும். ஆம்புலன்ஸ்களில் வழக்கமாகப் பார்க்கிற பி டைப் சிலிண்டரில் இருப்பது 1500 லிட்டர், 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெரிய டி டைப் சிலிண்டரில் 7000 லிட்டர், அதுவும் ஒன்று போதாது. ஆக நாம் பணம் கொடுத்து வாங்குவது வேகத்தைவிட, ஆபத்தான அந்த இடைவெளியைச் சுருக்குவதைத்தான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு ஏர் ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. நெல்லையிலேயே அடைப்பை நீக்கிவிட முடியும், அது முடியாத சின்ன ஊராக இருந்தாலும் பக்கத்து நகரத்துக்கு 108-ல் போவதுதான் சரி. பக்கவாதமும் அப்படியே. இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள் என்றால், நல்ல சாலை இருக்கும் தமிழ்நாட்டில், நல்ல ஐசியு ஆம்புலன்ஸே பெரும்பாலும் முந்திவிடும். மலையும் கடலும் குறுக்கே இருக்கும் இடங்களில்தான் இந்த விதி மாறுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம், எல்லா நோயாளியும் பறக்கலாமா? பறக்க முடியாதவர்களும் உண்டு, பறப்பதற்கு முன் சில வேலைகளைச் செய்தாக வேண்டியவர்களும் உண்டு. ஊட்டிக்குப் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், அடைபட்டிருக்கும் வாயு விரியும். விமானத்துக்குள் அழுத்தத்தைக் கூட்டி வைத்தாலும் தரைமட்ட அழுத்தம் இருக்காது. சாதாரணமாக 6000, 8000 அடி உயரத்தில் இருப்பது போன்ற அழுத்தம்தான் இருக்கும். 8000 அடி அழுத்தத்தில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். நெஞ்சுக்கூட்டில் காற்று தேங்கியிருக்கும் நோயாளிக்கு, தரையில் சமாளிக்கக்கூடிய அளவாக இருந்தது மேலே போய் நுரையீரலை நசுக்கலாம். அதனால் முன்பே குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். குடலடைப்பு, சமீபத்தில் நடந்த தலை அறுவைச் சிகிச்சை, கண்ணுக்குள் வாயு வைத்துச் செய்த அறுவைச் சிகிச்சை எல்லாவற்றிலும் இதே கவலை.

வென்டிலேட்டர் நோயாளியின் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு சின்னப் பலூன் இருக்கும், காற்று கசியாமல் அடைத்துப் பிடிக்க. மேலே போனால் அதுவும் உப்பி மூச்சுக்குழாய்ச் சுவரை அழுத்தும். அதனால் குழுவினர் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் அழுத்தத்தை அளந்து சரிசெய்துகொண்டே இருப்பார்கள், சில குழுக்கள் காற்றுக்குப் பதில் சலைனை நிரப்பிவிடும். இதைப் போன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான் பயிற்சி பெற்ற விமானக் குழுவும், ஆஸ்பத்திரியிலிருந்து அவசரத்துக்குக் கூட்டிவந்த டாக்டரும் வேறுபடுகிறார்கள். ஆக்சிஜனும் அப்படித்தான். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கே அந்த உயரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 பக்கம் இறங்கிவிடும், ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். சில நோயாளிகளுக்காகவே பைலட் தாழப் பறந்து உள்ளே தரைமட்ட அழுத்தத்தை வைத்துக்கொள்வார். தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், நேரமும் கூடும், கட்டணமும் கூடும்.

சரி, தேவை ஏன் இப்படிக் கூடுகிறது?

எக்மோ, நுரையீரல் மாற்று, குழந்தைகளுக்கான சிக்கலான இதய அறுவைச் சிகிச்சை, பெரிய தீக்காயப் பிரிவு எல்லாம் நாட்டில் சில நகரங்களில் குவிந்துகிடக்கின்றன. சென்னையும் ஹைதராபாத்தும் அப்படிப்பட்ட நகரங்கள். 2021 கொரோனா இரண்டாம் அலையில் வட மாநிலங்களிலிருந்து இந்த இரண்டு நகரங்களுக்கும் நோயாளிகள் விமானத்தில் வந்தபடி இருந்தார்கள், எக்மோவுக்கும் நுரையீரல் மாற்றுக்கும். அதற்கு முன் ஏர் ஆம்புலன்ஸ் என்பது அமைச்சர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் உரியது என்றிருந்த எண்ணம் அப்போதுதான் உடைந்தது. நிலத்தை விற்று, நகையை வைத்து, ஊரார் சேர்ந்து பணம் திரட்டிக் கொண்டுவந்த குடும்பங்களையும் அப்போது பார்த்தோம். இந்தத் தேவையின் பெரும்பகுதி, மாவட்டத்தில் இருக்க வேண்டிய சிகிச்சை மாவட்டத்தில் இல்லாததால் வருவது. கீழே ஐசியுக்கள் பெருகினால் மேலே பறப்பதற்கான தேவையில் ஒரு பகுதி தானாகவே குறையும், அதை வளர்ச்சி விகிதத்தில் யாரும் காட்ட மாட்டார்கள்.

இன்னொரு காரணம் விமான நிலையங்கள். 2014-ல் நாட்டில் இயங்கியவை 74, பத்தாண்டில் அது 157 ஆனது. சேலம் மாதிரி மூடிக்கிடந்த இடங்களுக்கு 2023-ல் மறுபடி விமானம் வந்தது. ஓடுதளம் இருந்தால்தான் இந்தச் சின்ன விமானமும் வரும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: சின்ன விமான நிலையங்கள் பல 24 மணி நேரமும் திறந்திருக்காது. பகலில் சில மணி நேரம் மட்டும் ஆள் இருக்கும். இரவு 9 மணிக்கு நோயாளி மோசமானால், நிலையத்தைத் திறந்து வைக்கத் தனியாக அனுமதியும் கட்டணமும் வேண்டும், ஓடுதள விளக்கு இல்லாத இடத்தில் அதுவும் முடியாது, விடியும்வரை காத்திருக்க வேண்டும். இருபது புது நிலையங்களைக் கட்டுவதைவிட இருக்கும் நிலையங்களில் இரவில் இறங்க வழி செய்வது பல உயிர்களைக் காப்பாற்றும் என்பது என் அபிப்பிராயம்.

வெளிநாட்டிலிருந்து வரும் தேவையும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு அங்கே பக்கவாதமோ விபத்தோ நேர்ந்தால், ஊருக்குக் கொண்டுவரத் தனி விமானம் எடுப்பது பெரும்பாலான குடும்பங்களால் ஆகாது. அவர்களுக்கு இருக்கும் வழி வேறு: பயணிகள் விமானத்திலேயே ஸ்ட்ரெச்சர். சில இருக்கைகளை மடக்கி அதன்மேல் ஸ்ட்ரெச்சரைப் பொருத்தி, திரை போட்டு, கூட ஒரு டாக்டரோ நர்ஸோ வருவார். எல்லா விமான நிறுவனமும் இதைச் செய்வதில்லை. செய்யும் நிறுவனங்கள் மருத்துவப் படிவம் கேட்கும், இரண்டு மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும், அத்தனை இருக்கைக்கும் பணம் கட்ட வேண்டும். அப்படியும் தனி விமானத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு. நிலைமை நிலையாக இருக்கும், ஆனால் உட்கார முடியாத நோயாளிக்கு இதுதான் சரியான வழி. உள்நாட்டுப் பயணத்துக்கும் இது பொருந்தும், ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வளைகுடாவில் சிக்கியவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தைக் கேட்கலாம். 2009-லிருந்து இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, வழியில்லாதவர்களின் அவசர சிகிச்சைக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவி கிடைக்கும்.

இப்போது பணம். உள்நாட்டில் சில லட்சத்தில் தொடங்கும் கட்டணம், தூரமும் விமானமும் பொறுத்து 20 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. நெல்லை உதாரணத்துக்கே திரும்புவோம். நோயாளி பறந்தது ஒன்றேகால் மணி நேரம். ஆனால் விமானம் பெங்களூருவிலிருந்து காலியாக வந்தது, சென்னையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். அந்த மணி நேரங்களுக்கும் நாம்தான் கொடுக்கிறோம். இதனால்தான் விமானம் எங்கே நிற்கிறது என்பது நோயாளி எங்கே இருக்கிறார் என்பதைவிடச் செலவைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான விமானங்கள் பெருநகரங்களில்தான் நிற்கும். அசாமில் ஒரு குடும்பம் கூப்பிட்டால் டெல்லியிலிருந்து கிளம்பி வர வேண்டியிருக்கலாம், காசு குறைவாக இருக்கும் மாநிலத்துக்கே கட்டணம் அதிகம். இதற்கு மேல் தரையிறங்கும் கட்டணம், மருத்துவக் குழு, இரண்டு பக்கமும் ஆம்புலன்ஸ், பைலட்டுகளின் பணிநேர வரம்பு தாண்டினால் தங்கும் செலவு.

இன்ஷூரன்ஸில் ஏர் ஆம்புலன்ஸ் உண்டு என்று விளம்பரத்தில் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள், பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கும், மொத்தக் காப்பீட்டுத் தொகை 10 லட்சமாக இருந்தாலும் விமானத்துக்கு இரண்டு மூன்று லட்சம்தான் என்று இருக்கலாம். சிகிச்சை தரும் டாக்டர் அவசியம் என்று எழுதித் தந்திருக்க வேண்டும், அனுமதி பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், முன் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், நோய் கண்ட இடத்திலிருந்து மருத்துவமனைக்கு ஒருவழிக்கு மட்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் வரும். குணமானபின் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குப் பெரும்பாலும் கிடைக்காது. சில பாலிசியில் முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம் திரும்பப் பெற வேண்டும், அந்த நேரத்தில் கையில் ரொக்கம் வேண்டும்.

தேவையும் பணமும் சந்தையிடம் மட்டும் விடப்பட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. 2002-ல் அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு ஏர் ஆம்புலன்ஸுக்குப் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது, தொகை கூடியது. அதன்பின் ஹெலிகாப்டர்கள் பெருகின. ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் 24 மணி நேரமும் பைலட், நர்ஸ், மெக்கானிக் என்று ஆள் வைத்தாக வேண்டும், அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு ஓடும். ஹெலிகாப்டர் எண்ணிக்கை கூடக்கூட ஒன்றுக்குக் கிடைக்கும் நோயாளிகள் குறைந்தார்கள், அந்தச் செலவு ஒவ்வொரு நோயாளியின் பில்லிலும் ஏறியது. 2017-ல் ஹெலிகாப்டர் பயணத்துக்குப் போடப்பட்ட கட்டணத்தின் நடுமதிப்பு சுமார் 36,400 டாலர் என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு சொன்னது. நினைவில்லாமல் கிடந்தவரை யாரோ ஏற்றிப் போவார்கள், அந்த நிறுவனத்துக்கும் அவருடைய இன்ஷூரன்ஸுக்கும் ஒப்பந்தம் இருக்காது, மீதி பில் வீட்டுக்கு வரும். இதைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஏர் மெத்தட்ஸ் 2023 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. தேவை இருந்தும், வளர்ச்சி இருந்தும்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1928-ல் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாரின் முயற்சியில் குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரி என்ற ஊரிலிருந்து ஒரே ஒரு வாடகை விமானத்தோடு தொடங்கிய சேவை அது. இன்று ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற பெயரில் சுமார் 80 விமானங்களோடு நாடு முழுக்க இயங்குகிறது. அரசுப் பணமும் மக்கள் நன்கொடையும்தான் அதை நடத்துகின்றன. விமானம் பெருநகரத்தில் மட்டும் நிற்காமல், ஆள் அரவம் குறைந்த உட்பகுதிக்குப் பக்கத்தில் பரவி நிற்கிறது. விமானம் எங்கே நிற்க வேண்டும் என்பதை லாபம் தீர்மானிக்காதபோது இப்படிச் செய்ய முடிகிறது.

நம் நாட்டிலும் அரசு செய்யும் வேலைகள் இருக்கின்றன, அவைதான் எனக்கு நம்பிக்கை தருகின்றன. லட்சத்தீவில் நோயாளி மோசமானால் கொச்சிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுவருவதை நிர்வாகமே நீண்டகாலமாகச் செய்கிறது. கப்பலில் வந்தால் ஒரு நாள் ஆகிவிடும் தீவுகள் அவை. 2021-ல், யாரை விமானத்தில் அனுப்பலாம் என்பதை நான்கு பேர் கொண்ட குழுதான் முடிவுசெய்யும் என்று உத்தரவு வந்தபோது தீவு மக்கள் கொதித்தெழுந்தார்கள், விஷயம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. குழு கூடும்வரை நோய் காத்திருக்காது என்பது அவர்கள் அனுபவத்தில் தெரிந்தது. மத்தியப் பிரதேச அரசு 2024-ல் ஒரு விமானமும் ஒரு ஹெலிகாப்டரும் வைத்துச் சேவை தொடங்கியது, ஆயுஷ்மான் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இலவசம். கட்ட முடியாதவருக்கும் விமானம் வரும் என்றால் இதைத்தான் வளர்ச்சி என்பேன்.

ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபர் 29 அன்று ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைப் பிரதமர் தொடங்கிவைத்தார். உத்தரகண்ட் மலையில் சாலை என்பது மழை பெய்தால் இல்லாமல் போகக்கூடியது. நம் ஊரிலிருந்து கேதார்நாத், பத்ரிநாத் போகிற வயதான யாத்ரிகர்கள் 10,000 அடிக்கு மேல் மூச்சுத் திணறி விழுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. இங்கே ஹெலிகாப்டருக்கு மாற்று கிடையாது. அதே ஹெலிகாப்டர் 2025 மே 17 அன்று நோயாளியை ஏற்றப்போன இடத்தில், கேதார்நாத்தில், இறங்கும்போது வால் உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த டாக்டர், நர்சிங் அலுவலர், பைலட் மூவரும் தப்பித்தார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. 2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து டெல்லிக்கு நோயாளியோடு வந்த ஒற்றை எஞ்சின் விமானம் மோசமான வானிலையில் ஃபரீதாபாத்தின் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் 7 பேர், வீட்டில் இருந்த 3 பெண்கள், மொத்தம் 10 பேர் இறந்தார்கள். 2021 மே மாதம் நாக்பூரிலிருந்து ஹைதராபாத்துக்குக் கிளம்பிய விமானத்தின் சக்கரம் ஓடுதளத்திலேயே கழன்று விழ, பைலட் மும்பைக்குத் திருப்பி, ஓடுதளத்தில் நுரை பரப்பிவைத்து வயிற்றால் தரையிறக்கினார். நோயாளி உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

மருத்துவ விமானங்களில் ஆபத்து கூடுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. உள்ளே சாகக்கிடக்கும் குழந்தை என்று தெரிந்தால், போகக்கூடாத வானிலையிலும் போய்விடலாம் என்று பைலட்டின் மனம் சொல்லும். அதனால் நல்ல அமைப்புகளில், நோயாளி யார், நிலைமை என்ன என்று பைலட்டிடம் முதலில் சொல்லவே மாட்டார்கள். எங்கிருந்து எங்கே, எவ்வளவு எடை என்பது மட்டும்தான். வானிலையைப் பார்த்து அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. நாமும், பணம் கட்டிவிட்டோமே என்று அந்த நேரத்தில் நெருக்கக் கூடாது.

அவசரத்தில் இணையத்தில் தேடும்போது முதலில் வருபவர்களில் பலர் விமானம் வைத்திருப்பவர்கள் இல்லை. ஏஜெண்டுகள். ஏஜெண்ட் மூலம் போவதில் தவறில்லை, ஆனால் விமானத்தை இயக்குவது யார் என்று கேட்டுவிடுங்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுத்த இயக்க அனுமதி அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், விமானத்தின் வகையையும் விடி என்று தொடங்கும் பதிவெண்ணையும் தயங்காமல் சொல்ல வேண்டும். விமானம் இந்த நிமிடம் எந்த ஊரில் நிற்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள், வரும் நேரமும் கட்டணமும் அதில்தான் இருக்கிறது. வருகிற டாக்டர் ஐசியு அல்லது அவசர சிகிச்சை படித்தவரா, குழந்தை என்றால் குழந்தைகளுக்கான குழு இருக்கிறதா, வானிலையால் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், படுக்கையிலிருந்து படுக்கை வரை எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்குமா என்று கேட்டு எழுத்தில், வாட்ஸ்ஆப்பிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி சிகிச்சை தரும் டாக்டரிடம்: அங்கே கொண்டுபோனால் இங்கே கிடைக்காத எந்தச் சிகிச்சை கிடைக்கும்? தெளிவான பதில் இல்லை என்றால் பயணத்தின் ஆபத்தை ஏற்பதில் பொருளில்லை. அந்தப் பணம் இங்கேயே சிகிச்சைக்கு ஆகும்.

சென்னை ஐஐடியில் உருவான ஈபிளேன் நிறுவனம் மின்சாரத்தில் செங்குத்தாக எழும்பிப் பறக்கும் சின்ன விமானத்தைத் தயாரிக்க முயல்கிறது. பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கிய நிறுவனம் இது. 2025 பிப்ரவரியில் இகாட் என்ற ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனம் இவர்களிடம் 788 விமானங்கள் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது, மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல், நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என்ற கணக்கில். ஓடுதளம் தேவையில்லை என்பதால், நெல்லைக் கணக்கில் விமான நிலையத்துக்குப் போக வர ஆன இரண்டு மணி நேரம் அப்படியே மிச்சமாகும். பேட்டரியில் பறப்பதால் தூரம் குறைவாகத்தான் இருக்கும், நெல்லையிலிருந்து சென்னைக்கு ஆகாது. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு, கூடலூரிலிருந்து கோவைக்கு என்று மலைப்பாதையில் மணிக்கணக்கில் வளைந்து இறங்க வேண்டிய இடங்களுக்கு இது பொருந்தும். முதலில் டிஜிசிஏ சான்றிதழ் வர வேண்டும். அது வந்தபின் நீலகிரிக்கும் தர்மபுரிக்கும் நிற்கிற விமானத்தின் செலவை அரசு ஏற்குமா, இன்ஷூரன்ஸ் ஏற்குமா, நோயாளியின் குடும்பமே ஏற்க வேண்டுமா என்பதை இப்போதே பேசித் தீர்த்துவைப்பது நல்லது.